குழாய்க்காரர் ஆண்டவரோடு பேசாத பத்தொன்பது நாட்கள்

குழாய்க்காரருக்கு எதையும் மெல்லச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று அவர் சொன்னால், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குக்கூட அந்த வீட்டுச் சமையலின் லட்சணம் தெரிந்துவிடும். முப்பது வருடமாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நாலு மாடி கீழே நிற்கிறவருக்கு "வால்வைத் திறங்க, இப்ப மூடுங்க" என்று கத்திப் பழகிய தொண்டை அது. சபையில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். அவர் பேசும் சத்தத்தில், முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

குரல் அவ்வளவு இருந்ததே தவிர, சுருதி மட்டும் அவர் இருந்த திசையில் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆராதனையில் பாட்டு ஆரம்பித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறையப் பாடுவார். ஆர்கன் ஒரு கட்டையில் போகும். பாடகர் குழு அதே கட்டையில் போகும். இவர் எந்தக் கட்டையிலும் சேராத ஓரிடத்தில் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி இதற்கு நேர்மாறு. மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் அவரை எல்லோரும் மருந்தம்மா என்பார்கள். பாடகர் குழுவில் அவர்தான் முதல் குரல். அவர் தனியாக ஒரு சரணம் பாடினால், பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள், விழித்திருக்கும் கைக்குழந்தைகள் தூங்கிவிடும். அப்படிப்பட்ட குரல்.

அந்தப் பத்தொன்பது நாட்களுக்கு ஆறு வருடம் முன்பு அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று குழாய்க்காரரும் மகளும் போதகரும் நன்றி ஜெபம் செய்தார்கள். ஜெபம் முடிந்தது. ஆமென் சொல்ல மருந்தம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

குரல் நாணை அசைக்கிற நரம்பு செயலிழந்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். திரும்பவில்லை. கிசுகிசுப்பு ஒன்றுதான் மிச்சம்.

மருந்தம்மா கடைக்குத் திரும்பினார். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அவர் ரகசியம் பேசுவதுபோல "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்பார். உடனே வாங்க வந்தவர்களும் குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "சரிங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்பதுபோலத் தலையாட்டுவார்கள். இருமல் மருந்து வாங்குகிறவர்கள்கூடக் கடத்தல் பொருள் வாங்குகிற மாதிரி பையில் மறைத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து இதை நடித்துக்காட்டி, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார்.

குழாய்க்காரருக்குச் சிரிப்பு வராது. அவர் ஜெபித்தார்.

தினமும் காலை ஐந்தரைக்குக் கூடத்தில் பாயை விரித்து முழங்காலிடுவார். மருந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நன்றி. பிறகு நாடு, சபை, போதகர். பிறகு வெளியூரில் வேலை பார்க்கும் மகள். பிறகு கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் முழங்கால். வாத்தியாருக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது, ஆனால் படி ஏறும்போது அவர் முனகுவது குழாய்க்காரருக்குப் பொறுக்கவில்லை. கடைசியாக, மனைவியின் குரல். அந்த இடம் வந்ததும் அவருடைய குரல் இன்னும் ஏறும். ஆண்டவர் ரொம்பத் தொலைவில், ஏதோ தொட்டிக்கு அடியில் நிற்கிறார் என்ற நினைப்பு போலிருக்கிறது. ஆமென் என்று அவர் முடிக்கும்போது, தெருவில் நாய்கள் எழுந்து சோம்பல் முறிக்கும்.

இப்படி ஆறு வருடம். முதல் வருடம் சபையில் எல்லோரும் குரல் வந்ததா என்று கேட்டார்கள். இரண்டாம் வருடம் பாதிப் பேர் கேட்டார்கள். அப்புறம் கேட்பதே சங்கடம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சபைக்கு ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் வந்தார். பளபளக்கும் காலணியும் கையில் ஒரு மைக்குமாக மேடையில் நிற்காமல் சபைக்கு நடுவே நடந்து பேசுகிறவர். யாரோ மருந்தம்மாவைப் பற்றி அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் மருந்தம்மாவை எழுப்பி முன்னால் நிறுத்தினார். தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு மைக்கை வாயருகே பிடித்தார்.

"சகோதரி, விசுவாசத்தோட ஒரே ஒரு அல்லேலூயா சொல்லுங்க."

ஒலிபெருக்கிகளில் காற்று இரைந்தது.

"இன்னும் பலமா!"

மறுபடி காற்று. மூன்றாவது முறையும் காற்று. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கியார் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆண்டவர் கொடுக்கத் தயாராத்தான் இருக்கார். வீட்டுல எங்கயோ அவிசுவாசம் அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார். சொல்லும்போது அவர் பார்வை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரர் மேல் போய் நின்றது.

அடைப்பு எடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் குழாய்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மருந்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை ஐந்தரை. பாய் விரித்தாயிற்று. நன்றி இல்லை, நாடு இல்லை, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஆண்டவரே, ஆறு வருஷமாக் கேக்குறேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. நேத்து அத்தனை பேர் முன்னால அவ நின்னா. நீர் ஒரு வார்த்தை குடுத்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சரி, போகட்டும். நான் மெயின் வால்வை மூடிட்டேன். இனிமே நானா வந்து உம்மகிட்ட பேசமாட்டேன். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே, ஆமென்."

கடைசி வரி பழக்கதோஷம். மருந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பேசுவதில்லை என்று முடிவெடுப்பது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. இரண்டாம் நாளே ஒரு குளியலறையில் ஸ்பானர் நழுவிக் கட்டைவிரலில் விழுந்தது. "ஆண்டவரே!" என்று அலறிவிட்டு, உடனே கூரையைப் பார்த்து, "உம்மைக் கூப்பிடல, சும்மா வலிக்குச் சொன்னேன்" என்றார். இவர் யாரோடு பேசுகிறார் என்று அந்த வீட்டுக்காரரும் மேலே பார்த்தார். சாப்பாட்டுக்கு முன்னால் மருந்தம்மா கண்ணை மூடிக் கிசுகிசுத்து முடிக்கும்வரை தட்டில் கை வைக்கமாட்டார். "நீங்கதான் பேசுறதில்லையே" என்று மருந்தம்மா சீண்டினால், "அது மரியாதை. இது வேற, அது வேற" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போனார். வாயை இறுக மூடிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். அன்று பாட்டு என்றுமில்லாத அழகாக இருந்தது. முடிந்ததும் ஆர்கன் வாசிக்கிறவர் பாடகர் குழுவினரிடம், "இன்னைக்கு என்னமோ அப்படியே சேர்ந்து வந்துச்சுல்ல!" என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னது குழாய்க்காரர் காதில் விழுந்து தொலைத்தது. அது வேறு ஒரு புண்.

ஒன்பதாம் நாள் படிக்கட்டில் கணக்கு வாத்தியார் மறித்தார்.

"என்னங்க, ஊர்ல இல்லையா?"

"இருக்கேனே."

"அப்புறம் ஏன் காலையில சத்தத்தையே காணோம்? ஆறு வருஷமா உங்க ஆமெனுக்குத்தான் எந்திரிச்சு நடக்கப் போறேன். இப்ப ஏழு மணி வரைக்கும் தூங்குறேன். நேத்து கடிகாரம் வாங்கிட்டு வந்தேன், அது அடிக்கிற விதமே நல்லால்ல."

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அவருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம் சார்."

"உங்களுக்கும் யாருக்கும்?"

குழாய்க்காரர் விரலை மேலே காட்டினார். மூன்றாம் மாடிக்காரரோடு சண்டை என்று வாத்தியார் முதலில் நினைத்தார். விஷயம் புரிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லன்னு உங்களுக்கே தெரியும்," என்றார். பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஆனா என் முட்டியை நடுவுல விட்டுட்டீங்களேன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்து போதகர் வீட்டிலிருந்து அழைப்பு. குளியலறைக் குழாய் சொட்டுகிறதாம். குழாய்க்காரர் பையோடு போனார். போதகர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"பதில் வராத ஜெபத்தைப் பத்தி மூணு காரியம் சொல்லணும்னு நினைச்சேன்."

"சொல்லுங்கய்யா. அந்த டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அடிங்க. இன்னும் கீழ. ம்."

டார்ச்சைப் பிடித்த அவசரத்தில் போதகருக்கு இரண்டாவது காரியம் மறந்துபோயிற்று. மூன்றாவதை அவரே விட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன்," என்றார் போதகர். "உங்க வீட்டம்மாவுக்கு ஏன் குரல் வரலன்னு எனக்குத் தெரியல. அன்னைக்கு நான் எந்திரிச்சு அந்த மைக்கை வாங்கியிருக்கணும். வாங்கல. விருந்தாளியாச்சேன்னு பேசாம உக்காந்திருந்தேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

குழாய்க்காரர் நட்டைத் திருகியபடியே, "இந்த நட்டு தானாத் தளர்ந்த மாதிரி தெரியலியேய்யா" என்றார்.

"நான்தான் காலையில தளத்திவிட்டேன். வேற எப்படி உங்களை வரவைக்கிறது?"

குழாய்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் போதகர் மேலிருந்த பங்கு போயிற்று. மிச்சம் மேலே இருக்கிறவர் மேல்தான். அதை அவர் விடுவதாக இல்லை.

பத்தொன்பதாம் நாள். விடிந்தும் விடியாத நேரம். குழாய்க்காரர் விழித்துக்கொண்டு, பழைய ஐந்தரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் படுத்திருந்தார். பக்கத்தில் மருந்தம்மா இல்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்...

அந்தச் சத்தம் கேட்டபிறகு எந்தக் குழாய்க்காரராலும் படுத்திருக்க முடியாது. எங்கோ கசிகிறது. ஊருக்கெல்லாம் ஒழுகல் அடைத்துவிட்டுத் தன் வீட்டில் ஒழுகினால் யார் மதிப்பார்கள்? எழுந்து கழிவறைத் தொட்டியைப் பார்த்தார். சரியாக இருந்தது. சமையலறைக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. துணி துவைக்கிற மெஷினுக்குப் போகும் இணைப்பிலும் ஒன்றுமில்லை. பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, சாண் சாணாக நகர்ந்தார். சுவருக்குள் ஓடும் கசிவை அப்படித்தான் பிடிப்பார். சத்தம் துணி மடித்துவைக்கும் சின்ன அறைப் பக்கம் கூடியது. நின்று நின்று வந்தது. நடுநடுவே மூச்சு வாங்கியது.

தண்ணீர்க் குழாய் மூச்சு வாங்காது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, மடித்த துணிகளுக்கு நடுவே மருந்தம்மா முழங்காலிட்டிருந்தார். நன்றி முடிந்து, நாடும் சபையும் முடிந்து, போதகரும் மகளும் முடிந்து, வாத்தியாரின் முழங்காலுக்கு வந்திருந்தார். குழாய்க்காரரின் அதே வரிசை, ஒன்று விடாமல். ஒவ்வொரு வரிக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மூச்சிழுத்துக்கொண்டார்.

"அப்புறம் ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர். அவர் கோவத்தைப் பெருசா எடுத்துக்காதீர். அவருக்குக் கொஞ்சம் சமாதானம் குடும். முடிஞ்சா, கொஞ்சம் சுருதியும் குடும்."

"என்னது?" என்றார் குழாய்க்காரர்.

மெதுவாகத்தான் கேட்டார். அடுக்கியிருந்த துணி சரிந்தது. மருந்தம்மா துள்ளித் திரும்பினார். கணவர் வாசலில் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் கோலத்தைப் பார்த்ததும், பயம் போய்த் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"சுருதியா கேக்குற?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆன மறுவாரம் கோயில்ல என் பக்கத்துல நின்னு பாடுனீங்களே, அன்னையிலேர்ந்து. இருபத்தாறு வருஷம்." மருந்தம்மா மூச்சிழுத்துக்கொண்டார். "குடுத்தாரா? இல்ல. நான் அவரோட பேசாம இருந்தேனா?"

குழாய்க்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்புறம் வேறொன்று கேட்டார்.

"உன் குரலைக் கேக்கவே இல்லையே நீ?"

மருந்தம்மாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. சரிந்த துணியில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினார்.

"எனக்கும் பாடணும்னு இருக்குங்க. தினமும் இருக்கு. கடையில மருந்து எடுத்துக் குடுக்கும்போதுகூட உள்ளுக்குள்ள பாட்டு ஓடுது. அதைக் கேக்க ஆரம்பிச்சா அழுதுடுவேன், மூச்சு முட்டும். நீங்கதான் எனக்காகக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் பக்கத்துல உக்காந்து ஆமென் சொன்னேன். எனக்கு அது போதுமா இருந்துச்சு. நீங்க நிறுத்துனதும், எல்லாத்தையும் அப்படியே விட்டுட முடியுமா? அதான் நான் எடுத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நீளம் ஜாஸ்திங்க. வாத்தியார் முட்டிக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது."

பத்தொன்பது நாளாக இவர் குறட்டை விட்டுக்கொண்டு கோபித்துக்கொண்டிருந்தார். மருந்தம்மா எழுந்து வந்து, இல்லாத குரலை வைத்துக்கொண்டு, இவர் விட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தார். குழாய்க்காரருக்குக் கண் கரித்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அந்த அறையில் முழங்காலிட இடம் போதவில்லை. ஒரு காலை அலமாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டார்.

"ஆண்டவரே, நான்தான்," என்று ஆரம்பித்தார். செருமிக்கொண்டார். "கோவம் இன்னும் போகல. அதைச் சொல்லிடறேன். பேசாம இருந்ததுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு தோணல, அதையும் நீர் மன்னிச்சுடும். அவளுக்கு மூச்சு வாங்குது. அதனால வந்திருக்கேன். நன்றி, நாடு, சபை எல்லாம் அவ சொல்லிட்டா. நான் முட்டியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மருந்தம்மாவுக்குக் குரல் வரவில்லை. இன்னொரு டாக்டரைப் பார்த்தார்கள், அவரும் கையை விரித்துவிட்டார். பாடகர் குழுவில் இப்போது வேறு ஒரு பெண் முதல் குரல் பாடுகிறாள். மருந்தம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று கையால் காட்டுகிறார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து தனியாக அழுவதும் உண்டு. அப்போது குழாய்க்காரர் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருப்பார். ஆறுதல் சொன்னால் தெருவே கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வாடிக்கையாளர் வீட்டில், தொட்டிக்கு மிதவை மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் விசாரித்தார். "இன்னுமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"நான் கேக்குறேன், அவரும் கேக்குறார்," என்றார் குழாய்க்காரர். "யாருக்கு முதல்ல சலிக்குதுன்னு பாத்துடலாம்னு இருக்கேன். எனக்கு இப்போதைக்கு இல்ல."

காலை ஜெபம் இப்போது நீண்டுவிட்டது. பாதியை மருந்தம்மா சொல்கிறார், பாதியை இவர். மருந்தம்மாவின் பாதி அறையைத் தாண்டாது. இவருடைய பாதி வழக்கம்போல எல்லை தாண்டும். போன வாரம் அப்படி ஒரு காலையில், இவர் உச்சக்கட்டத்தில் இருந்தபோது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கணக்கு வாத்தியார், கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, வாயோரம் நுரையோடு, மாடி ஏறிய மூச்சோடு நின்றார்.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது, அது வேற விஷயம்," என்றார். "ஆனா என் தங்கச்சிக்கு ஆபரேஷன் பண்ணப்போறது வலது கண்ணு இல்ல, இடது கண்ணு. மூணு நாளா தப்பாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன். எப்பத் திருத்துறதா உத்தேசம்?"

குழாய்க்காரர் அந்த இடத்திலேயே, கதவைப் பிடித்தபடி கண்ணை மூடினார். "ஆண்டவரே, இடது கண்ணு. இடது. வலதுன்னு சொன்னது என் தப்பு," என்று முழங்கினார். உள்ளே பாயில் மருந்தம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் போகவில்லை. நுரை சட்டையில் சொட்டிவிடாமல் பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆமென் வரும்வரை நின்றிருந்தார்.